விளம்பரமும் வாக்குமூலமும்: அடிமைமுறையில் வாழ்ந்த பெண்களின் சாட்சியத்தை வாசிக்கும் முறை

1835 ஜூன் 30 தேதியிட்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் நகரச் செய்தித்தாள் ஒன்றில் ஒரு விளம்பரம் வந்தது. கொடுத்தவர் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் நார்காம். ஓடிப்போன தன் ‘வேலைக்காரப் பெண்’ ஹாரியட்டைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 100 டாலர் தருவதாக அறிவித்தார். வயது 21, உயரம் 5 அடி 4 அங்குலம், சுருண்ட கருங்கூந்தல், சரளமான பேச்சு, நல்ல தையல் வேலைக்காரி, நாகரிகமாக உடுத்துபவள் என்று அடையாளங்கள் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வரி வருகிறது: தெரிந்த காரணமோ தூண்டுதலோ எதுவுமே இல்லாமல் இந்தப் பெண் ஓடிவிட்டாள்.

அந்தக் காரணத்தை 1861இல் அந்த ஹாரியட், ஹாரியட் ஜேக்கப்ஸே, ‘இன்சிடென்ட்ஸ் இன் தி லைஃப் ஆஃப் எ ஸ்லேவ் கேர்ள்’ என்ற புத்தகமாக எழுதி வெளியிட்டார். பதின்ம வயதிலிருந்தே நார்காம் தன்னைப் பாலியல் ரீதியாகத் துரத்தியதையும், தப்புவதற்கு வேறு வழியில்லாமல் தான் எடுத்த முடிவுகளையும் அதில் சொன்னார். ஒரே சம்பவத்துக்கு இரண்டு ஆவணங்கள் கிடைத்துவிட்டன. ஒன்று சொத்துக்காரர் கொடுத்தது, மற்றொன்று சொத்தாக எண்ணப்பட்டவர் கொடுத்தது. வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் முதலாவதை ஆவணம் என்றும், இரண்டாவதைக் கதை என்றும் எடுத்துக்கொண்டார்கள். அது ஏன் தவறு, எப்படி வாசித்தால் சரியாக இருக்கும் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் அமெரிக்க அடிமைமுறையில் வாழ்ந்த கறுப்பினப் பெண்களைப் பற்றியவை. இந்தத் துறையில் கேட்கப்படும் முக்கியமான கேள்விகள் பலவும் அவர்களுடைய சாட்சியங்களை முன்வைத்தே கூர்மை பெற்றன.

சாட்சியம் என்றால் எவை

தான் வாழ்ந்ததைத் தானே சொல்வது தன்சாட்சியம். அது காகிதத்துக்கு வந்து சேரும் வழிகள் பல. ஒவ்வொரு வழியிலும் அதன் மேல் படியும் கைகள் வேறு.

முதல் வகை, தானே எழுதியது. ஜேக்கப்ஸின் புத்தகம் இதில் சேரும். அடுத்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியது. அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் மேடைப் பேச்சாளரான சோஜர்னர் ட்ரூத் தன் வாழ்க்கையை ஆலிவ் கில்பர்ட்டிடம் இப்படித்தான் சொன்னார்; அது 1850இல் அச்சானது. தமிழிலிருந்தும் இதற்கு ஒரு நேர் உதாரணம் உண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள கிராமத்தைச் சேர்ந்த தலித் பெண்ணான வீரம்மா, ஜோசியான் ரசீனிடம் பல ஆண்டுகள் தமிழில் பேசிப் பதிவான வாழ்க்கை, 1995இல் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது. மூன்றாவது வகை, கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொண்ட நேர்காணல். நான்காவது, விசாரணைக் குழு முன்போ அதிகாரி முன்போ சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம்.

நான்காவது வகையை ஆரம்ப வாசகர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த கறுப்பினப் படைவீரர்களின் மனைவியர் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தபோது, திருமணம் நடந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. அடிமையாக இருந்தவர்களுக்குச் சட்டம் திருமணத்தையே அங்கீகரிக்கவில்லை. எனவே பதிவுச் சான்று என்று எதுவும் கிடையாது. அண்டை வீட்டார், உடன் வேலை செய்தவர்கள், பிரசவம் பார்த்தவர்கள், சில சமயம் பழைய எசமானர்கூட வந்து, இவர்கள் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்று சொல்லிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். ஓய்வூதியக் கோப்புகளில் இந்த வாக்குமூலங்கள் இன்றும் இருக்கின்றன. புத்தகம் எழுத வாய்ப்பே இல்லாத பெண்களின் குரல் அதிகம் கிடைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

வேறு பதிவு ஏன் இல்லை

1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் எசமானர் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வரிசையாக வயது, பால், நிறம் ஆகியவை இருக்கும். ஆளின் பெயரை மட்டும் எழுதவில்லை. 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோர் முதன்முதலாகப் பெயரோடு பதிவானார்கள். அதற்கு முன்பு ஒரு பெண்ணைக் காகிதத்தில் தேட வேண்டுமானால் உயில், விற்பனைப் பத்திரம், கடன் அடமானப் பட்டியல், ஓடிப்போனவர் விளம்பரம் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். எல்லாமே அவரைச் சொத்தாக வைத்திருந்தவர்கள் எழுதியவை. ஜேக்கப்ஸுக்கு எழுத்தும் தையலும் கற்றுக்கொடுத்த முதல் எசமானி 1825இல் இறந்தபோது, அவரைத் தன் அக்காவின் மூன்று வயது மகளுக்கு எழுதிவைத்தார். அந்தக் குழந்தையின் தந்தைதான் நார்காம். வட கரோலினாவின் உயில் பதிவில் இது ஒரு வரி. ஜேக்கப்ஸின் வாழ்க்கையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட வரி அது.

நீதிமன்றமும் மூடியே இருந்தது. தென் மாநிலங்களில் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல முடியாது. மிசூரி மாநிலத்தில் செலியா என்ற பெண்ணுக்கு நடந்ததைப் பாருங்கள். ராபர்ட் நியூசம் என்பவர் 1850இல் அவரை விலைக்கு வாங்கினார். அப்போது செலியாவுக்கு ஏறக்குறைய 14 வயது. தொடர்ந்து பலாத்காரம் செய்தார். 1855 ஜூனில் ஓர் இரவு செலியா அவரைக் கொன்றார். எந்தப் பெண்ணையும் பலவந்தப்படுத்துவது குற்றம் என்று மிசூரியில் சட்டம் இருந்தது. அந்த ‘எந்தப் பெண்ணும்’ என்பதில் செலியாவும் அடக்கம் என்று ஜூரிக்கு எடுத்துச் சொல்லும்படி அவருடைய வழக்கறிஞர்கள் நீதிபதியைக் கேட்டார்கள். நீதிபதி மறுத்துவிட்டார். டிசம்பர் 21 அன்று செலியாவைத் தூக்கிலிட்டார்கள். அவர் தரப்பில் நடந்தது, அவரை விசாரித்தவர்களின் வாய்வழியாகத்தான் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியது.

இனமும் பாலும் ஒன்றாகச் செயல்படும் இடம்

கறுப்பினத்தவர் என்பதால் ஒரு துன்பம், பெண் என்பதால் இன்னொரு துன்பம், இரண்டையும் கூட்டினால் கறுப்பினப் பெண்ணின் துன்பம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கு சரியாக வராது. 1662இல் வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியது: பிறக்கும் குழந்தையின் நிலை தாயின் நிலையையே பின்பற்றும். தாய் அடிமையென்றால் குழந்தையும் அடிமை. தந்தை யார் என்பது பொருட்டல்ல. ஆங்கிலேயர் வழக்கத்தில் குழந்தை தந்தையின் நிலையைத்தான் பெற்றுவந்தது. இந்தச் சட்டம் அதை மாற்றியதால், எசமானர் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை அவருடைய சொத்துக் கணக்கில் சேர்ந்தது. வன்முறைக்குத் தண்டனை இல்லை என்பதோடு நிற்கவில்லை, வரவும் இருந்தது. இந்தக் கொடுமை வெள்ளைப் பெண்ணுக்கும் நேரவில்லை, கறுப்பின ஆணுக்கும் இதே வடிவில் நேரவில்லை. இரண்டு அடையாளங்களும் ஒரே உடம்பில் சேர்ந்த இடத்துக்கென்றே செய்யப்பட்ட சட்டம் அது.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. 1964க்கு முன்பு அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற விதியால் 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தார்கள். நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, எனவே பால் பாகுபாடு இல்லை என்றது 1976 தீர்ப்பு. நிறுவனம் எடுத்திருந்த அந்தப் பெண்கள் வெள்ளையர். இனப் பாகுபாடு என்றால் அதே நிறுவனத்தின் மீது தொடுக்கப்பட்டிருக்கும் இன்னொரு இனப் பாகுபாட்டு வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்து ஒரு புகாராகக் கேட்க நீதிமன்றம் தயாராக இல்லை. தன்சாட்சியம் இங்கேதான் உதவுகிறது. நிறுவனப் பதிவேட்டில் ‘பெண்’ என்று ஒரு கட்டமும் ‘கறுப்பினம்’ என்று ஒரு கட்டமும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்த வாழ்க்கையை அதை வாழ்ந்தவர்தான் முழுதாகச் சொல்ல முடியும்.

நம்ப மறுத்த புத்தகம்

ஜேக்கப்ஸின் புத்தகத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு சாட்சியத்தின் மேல் சந்தேகம் எப்படி எழுந்தது, எப்படித் தீர்ந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு நூல் எளிதில் கிடைக்காது.

1835இல் ஓடிய ஜேக்கப்ஸ் வெகுதூரம் போகவில்லை. விடுதலை பெற்று, ரொட்டி சுட்டு விற்றுப் பிழைத்துவந்த பாட்டியின் வீட்டில், கொட்டகைக் கூரைக்கு அடியிலிருந்த இடுக்கில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். நீளம் 9 அடி, அகலம் 7 அடி, மிக உயரமான இடத்தில் 3 அடி. நிமிர்ந்து நிற்க வழியே இல்லை. கையில் அகப்பட்ட துளைக்கருவியால் பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று வரிசை துளை போட்டு, பிறகு இடையிலிருந்த மரத்தையும் குடைந்து எடுத்து, ஓர் அங்குல நீளமும் ஓர் அங்குல அகலமும் உள்ள ஒரே ஓட்டை ஆக்கினார். தெருவில் போகும் தன் பிள்ளைகளை அதன் வழியாகத்தான் பார்த்தார். 1842இல்தான் வடக்கே தப்பினார்.

ஒளிந்திருந்த காலத்தில் நார்காமுக்குக் கடிதங்கள் எழுதினார். நியூயார்க் செய்தித்தாள் ஒன்றின் கிழிந்த தாளிலிருந்து தெருப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு, நியூயார்க்கிலிருந்து எழுதுவது போலவே எழுதி, நம்பகமான ஆள் மூலம் வடக்கே அனுப்பி அங்கே தபாலில் சேர்க்கச் செய்தார். நார்காம் நம்பினார். இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நார்காம் குடும்பத்துக் காகிதக் கட்டில் அந்தக் கடிதங்கள் மட்டும் மிஞ்சி, ஜேக்கப்ஸ் புத்தகம் எழுதாமலே இருந்திருந்தால், அவர் நியூயார்க்கில் இருந்தார் என்று நாம் ஆதாரத்தோடு எழுதியிருப்போம். தபால் முத்திரை உட்பட எல்லாமே அதைத்தான் காட்டியிருக்கும்.

இந்தப் புத்தகத்தை லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில் வெளியிட்டார்; ஊர்ப் பெயர்களை மறைத்தார்; நார்காம் ‘டாக்டர் ஃப்ளின்ட்’ ஆனார். உதவியவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பது ஒரு காரணம். திருமணமாகாமல் இரண்டு பிள்ளைகள் பெற்றதை வெளிப்படையாகச் சொல்லும் கூச்சம் இன்னொன்று. பதிப்பாசிரியராக இருந்தவர் லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளை எழுத்தாளர். புனைபெயர், வெள்ளைப் பதிப்பாசிரியர், அக்காலப் பெண்கள் நாவல்களின் நடை, நம்ப முடியாத ஏழு ஆண்டு ஒளிவு எல்லாம் சேர்ந்து, சைல்டே எழுதிய நாவல் இது என்ற எண்ணம் பரவியது. 1972இல் ஜான் பிளாசிங்கேம், அடிமைகளின் சாட்சியங்களுக்கு மதிப்பளித்து எழுதிய முக்கியமான வரலாற்றாசிரியர், இந்த நூலை நம்பத்தகாதது என்று ஒதுக்கினார். அவரே அப்படி நினைத்தார் என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை.

சந்தேகத்தைத் தீர்த்தவர் ஜீன் ஃபேகன் யெலின். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்ட ஆமி போஸ்ட் என்ற தோழியின் காகிதங்களில் ஜேக்கப்ஸ் தன் கையால் எழுதிய கடிதங்கள் இருந்தன. புத்தகம் எழுதும் சிரமம், வேலை பார்த்த வீட்டில் இரவுகளில் நேரம் திருடி எழுதியது, எதைச் சொல்வது எதை விடுவது என்ற தவிப்பு எல்லாம் அவற்றில் பதிவாகியிருந்தன. 1981இல் ஒரு கட்டுரை, 1987இல் முழுப் பதிப்பு என்று யெலின் வெளியிட்டு, புனைபெயர்களுக்குப் பின்னிருந்த ஆட்களை ஒவ்வொருவராக அடையாளம் காட்டினார். சைல்டின் கை எங்கே பட்டது என்பதும் கடிதங்களிலிருந்து தெரிந்தது. வரிசையை மாற்றினார், அடிமைமுறையை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனைப் பற்றிய கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் பாட்டியின் மரணத்தோடு முடிக்கச் சொன்னார், 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் நடந்த கொடுமைகளைக் கூடுதலாக எழுதச் சொன்னார். எழுத்து ஜேக்கப்ஸினுடையதுதான், புத்தகத்தின் முடிவில் சைல்டின் யோசனை இருக்கிறது.

இனி அந்த விளம்பரத்துக்கு வருவோம். ஜேக்கப்ஸ் தன் புத்தகத்திலும் அந்த விளம்பரத்தைக் கொடுத்திருக்கிறார். வயது 21, உயரம் 5 அடி 4 அங்குலம், சுருண்டாலும் நேராக்கக்கூடிய கூந்தல் ஆகியவை அச்சில் வந்ததோடு அப்படியே பொருந்துகின்றன. ஆனால் புத்தகத்தில் சன்மானம் 300 டாலர், செய்தித்தாளில் 100. புத்தகத்து விளம்பரம் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்கிறது; செய்தித்தாளில் அது இல்லை. காரணமில்லாமல் ஓடினாள் என்ற வரி செய்தித்தாளில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. அவசர வாசகர் இதைப் பொய் என்பார். வரலாற்று வாசகர் கேட்பது வேறு: எது ஒத்துப்போகிறது, எது மாறுகிறது, மாறுவதால் யாருக்கு என்ன? உடல் அடையாளங்கள் பிசகவில்லை. தொகை மாறியிருக்கிறது. தொகையை ஆதாரமாகக் காட்ட வேண்டுமானால் செய்தித்தாளைக் காட்டுங்கள். ஓடியதற்குக் காரணம் இருந்ததா என்பதற்கு, அதை மறைப்பதில் லாபம் உள்ள ஆள் காசு கொடுத்துப் போட்ட விளம்பரத்தை ஆதாரமாக்க முடியாது.

இடையில் வந்த கை

சோஜர்னர் ட்ரூத் 1851 மே மாதம் ஒஹாயோ மாநிலம் ஆக்ரனில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் பேசினார். சில வாரங்களில், ஜூன் 21 அன்று, மேரியஸ் ராபின்சன் தன் பத்திரிகையில் அந்த உரையை வெளியிட்டார். உழுதேன், அறுத்தேன், வெட்டினேன், எந்த ஆணுக்கும் குறையாத தசை எனக்கு உண்டு என்று அதில் ட்ரூத் பேசுகிறார். 12 ஆண்டுகள் கழித்து, 1863இல், அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஃபிரான்சஸ் கேஜ் தன் நினைவிலிருந்து வேறொரு வடிவம் வெளியிட்டார். ‘நானும் பெண்தானே’ என்ற புகழ்பெற்ற பல்லவி திரும்பத் திரும்ப வருவது இந்த வடிவத்தில்தான். ராபின்சன் வடிவத்தில் அது இல்லை.

கேஜின் வடிவத்தில் ட்ரூத் தென் மாநிலத்து அடிமைகளின் பேச்சாகக் காட்டப்படும் நடையில் பேசுகிறார். 13 பிள்ளைகள் பெற்றதாகச் சொல்கிறார். ட்ரூத் பிறந்து வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தில். முதலில் பேசிய மொழி டச்சு. பெற்ற பிள்ளைகள் ஐவர். கேஜ் ட்ரூத்தின் எதிரி அல்ல, அவரைப் போற்றியவர். ஆனால் தன் வாசகர்கள் எதிர்பார்க்கும் ‘அடிமைப் பெண்’ எப்படி இருப்பாளோ அப்படி அவரை வடித்துவிட்டார். அன்போடு செய்த திருத்தமும் திருத்தம்தான். இதனால் இழப்பு என்ன? வடக்கிலும் அடிமைமுறை இருந்தது என்பதற்கு ட்ரூத்தே உயிர்ச்சாட்சி. அவரைத் தெற்கத்திக்காரராக மாற்றியதும் அந்தச் சாட்சியம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

நேர்காணலில் இந்தக் கை இன்னும் நேரடியாகத் தெரியும். 1936 முதல் 1938 வரை, பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் 17 மாநிலங்களில் முன்பு அடிமைகளாக இருந்த முதியவர்களைச் சந்தித்து 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்களைத் திரட்டியது. கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சில ஊர்களில் அந்த முதியவரின் பழைய எசமானர் குடும்பத்தைத் தெரிந்தவர்கள். கேட்கப்பட்டவர்கள் ஏழைகள், உதவித்தொகை ஏதாவது கிடைக்குமா என்று எதிர்பார்த்திருந்தவர்கள்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியாகச் சந்தித்தார்கள். 1937 ஜூலையில் சென்ற வெள்ளைப் பெண் ஜெஸ்ஸி பட்லர், தான் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாக மூதாட்டி நினைத்துக்கொண்டார் என்றும், அதைத் தான் திருத்தவில்லை என்றும் தன் குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார். எசமானர்கள் பெரும்பாலும் அன்பானவர்கள்தானே என்ற தொனியில் கேட்டார். தன் எசமானர் நல்லவர், அடிமைகளிடம் நல்லவராக இருப்பதற்காகவே அவர் அடிமைகளை வாங்கினார் போலும் என்கிற பதில் வந்தது. மற்றவர் அகஸ்டஸ் லாட்சன், கறுப்பினத்தவர். அவரை ‘மகனே’ என்று அழைத்தே பேச்சைத் தொடங்குகிறார் அதே மூதாட்டி. இந்த முறை சாட்டையடி வருகிறது. திருமணமான மறுநாள் காலை மனைவியை விற்றுவிட்டதும், பெண்ணின் தாய் தெருவில் நின்று சபித்ததும் வருகிறது. இரவும் பகலும் உறவுகளைப் பிரித்து விற்கும்போது எழுந்த அலறல் வருகிறது.

இரண்டில் எது உண்மை என்று கேட்கத் தோன்றும். இரண்டையும் பாதிப்பாதி எடுத்து நடுவில் ஒரு கோடு போடுவது மிக மோசமான விடை. உதவித்தொகைக்காரரிடம், அதுவும் வெள்ளைக்காரரிடம், ஓர் ஏழைக் கறுப்பின மூதாட்டி 1937 சார்ல்ஸ்டனில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதற்கு முதல் நேர்காணல் நேரடிச் சான்று. அடிமைமுறைக் காலத்தைப் பற்றிய சான்றாக இரண்டாவதற்குத்தான் எடை அதிகம். அங்கே அவர் பயந்து பேச வேண்டிய அவசியம் குறைவு. ஆனால் லாட்சனும் கேள்விகளோடு போனவர்தான்; அவர் எதிர்பார்த்த கதையும் ஒன்று இருந்திருக்கும். அதையும் கணக்கில் வையுங்கள். முதல் நேர்காணலிலும் கவனித்துப் படித்தால் ஒரு கீறல் தெரியும்: அந்தக் காலமும் இந்தக் காலம் மாதிரிதான், சிலர் நல்லவர், சிலர் கெட்டவர், அக்கிரமம் அன்றும் நடந்தது இன்றும் நடக்கிறது என்கிறார் மூதாட்டி. அதைக் கேட்ட பட்லர் வேறு என்ன புரிந்துகொண்டாரோ, அந்த வரியை அழிக்காமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

மௌனமும் ஒரு பதிவு

டார்லீன் கிளார்க் ஹைன் 1989இல் எழுதிய கட்டுரை ஒன்று, கறுப்பினப் பெண்கள் வெளிப்படையாகப் பேசுவது போல் காட்டிக்கொண்டே தங்கள் உள்வாழ்வை மறைத்துக் காத்த வழக்கத்தை விளக்கியது. பலாத்காரம் எங்கும் பரவியிருந்த சமூகத்தில், அதைப் பேசினால் பழி பேசியவர் மேல்தான் விழும் என்ற நிலையில், மறைப்பதே கவசம். எனவே ஒரு சாட்சியத்தில் பாலியல் வன்முறை பற்றி ஒன்றுமே இல்லை என்றால், அது நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஜேக்கப்ஸும் தன் வாசகர்களாகிய வடக்கத்தி வெள்ளைப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசுகிறார், சிலவற்றைத் தொட்டும் தொடாமலும் போகிறார். அந்த இடங்களில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்துப் பிறகு திரும்பிப் பாருங்கள்.

பேசினால் பழி எப்படி வரும் என்பதற்கு மெம்பிஸ் உதாரணம். 1866 மே முதல் மூன்று நாட்களில் அந்நகரில் வெள்ளைக் கும்பலும் காவலர்களும் கறுப்பினக் குடியிருப்புகளைத் தாக்கினர். 46 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்க வந்தது. சில வாரங்களுக்கு முன்தான் நடந்த பலாத்காரத்தைப் பற்றி ஐந்து பெண்கள் குழுவின் முன் சத்தியம் செய்து பேசினர். அவர்களில் ஒருவர், ஊன்றுகோல் வைத்து நடந்த ஃபிரான்சஸ் தாம்ப்சன். அதே வீட்டில் வசித்த லூசி ஸ்மித்தும் பேசினார். இது நடந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1876இல், பெண்ணாக வாழ்ந்த தாம்ப்சனை ஆணுடல் கொண்டவர் என்று சொல்லிக் கைது செய்தார்கள். உடனே எதிர்த்தரப்புப் பத்திரிகைகள், இவர் பெண் என்றதே பொய், ஆகவே பலாத்காரமும் பொய், ஆகவே அந்தக் குழுவின் அறிக்கை முழுவதுமே பொய் என்று எழுதின. தாம்ப்சன் அதே ஆண்டில் இறந்தார். ஒரு திருநங்கையின் உடம்பை வைத்து, மற்ற நான்கு பெண்கள் சொன்னதையும் செல்லாததாக்க முயன்றார்கள். லூசி ஸ்மித்தின் வாக்குமூலம் தனியாக நிற்கிறது. அன்றிரவு அந்த வீட்டில் நடந்ததற்கும் தாம்ப்சனின் உடலமைப்புக்கும் தொடர்பே இல்லை. ‘சாட்சியின் ஒழுக்கம் சரியில்லை, எனவே சாட்சியம் தள்ளுபடி’ என்ற வாதம் எங்கே வந்தாலும், அது சாட்சியத்தைப் பற்றிப் பேசுகிறதா, சாட்சியைப் பற்றிப் பேசுகிறதா என்று முதலில் பாருங்கள்.

நீங்களே ஒன்றை எடுத்து வாசிக்கும்போது

சாட்சியத்தைப் படிக்கும் முன் ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: சொன்னவர் யார், காகிதத்தில் எழுதியவர் யார், யாருக்காகச் சொல்லப்பட்டது, நடந்ததற்கும் சொன்னதற்கும் இடைவெளி எத்தனை ஆண்டு, இடையில் திருத்தியவர்கள் யார். மெம்பிஸ் வாக்குமூலத்தில் இடைவெளி சில வாரங்கள். ஜேக்கப்ஸ் 1853 முதல் 1858 வரை எழுதினார். எனவே தப்பியதிலிருந்து 11 முதல் 16 ஆண்டுகள். ஹாம்லினுக்கு 70 ஆண்டுகளுக்கும் மேல். இடைவெளி கூடினால் தேதி, தொகை, எண்ணிக்கை பிசகும். ஆள், இடம், யார் யாருக்கு என்ன உறவு, எதற்கு முன் எது நடந்தது என்பவை அவ்வளவு எளிதில் பிசகுவதில்லை. 1930களில் பேசியவர்கள், அடிமைமுறை ஒழிந்த 1865இல் பெரும்பாலும் சிறுவர் சிறுமியர் என்பதையும் மறக்க வேண்டாம். வயல்வேலையின் முழுக் கொடுமை அவர்கள் மேல் இன்னும் விழாத வயது அது. அந்தத் தொகுப்பை மட்டும் வைத்து அடிமைமுறையை அளந்தால் அது உள்ளதைவிட மென்மையாகத் தெரியும்.

இரண்டாவது முறை படிக்கும்போது ஒவ்வொரு செய்தியையும் மூன்றாகப் பிரியுங்கள். வேறு ஆவணத்தில் தேடக்கூடியது: பெயர், ஊர், விற்பனை, மரணம். தேட முடியாதது: மூடிய அறைக்குள் நடந்தது, மனத்தில் தோன்றியது. சொன்னவர் அதற்குக் கொடுக்கும் பொருள்: ஏன் நடந்தது, யார் பொறுப்பு. முதல் வகையை உயில், விற்பனைப் பத்திரம், செய்தித்தாள், விடுதலை பெற்றோருக்காக 1865 முதல் 1872 வரை இயங்கிய அரசுத் துறையின் பதிவுகள் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். அங்கே ஒருவர் தொடர்ந்து சரியாக இருந்தால், இரண்டாவது வகையில் அவர் சொல்வதற்கும் எடை கூடுகிறது. யெலின் ஜேக்கப்ஸுக்குச் செய்தது இதுதான். அறைக்குள் நார்காம் பேசியதை எவராலும் சரிபார்க்க முடியாது. அந்த வீடு, அந்தக் குடும்பம், பிள்ளைகளின் தந்தை யார் என்பதெல்லாம் சரிபார்க்கப்பட்டுவிட்டன.

தவறுகள் பெரும்பாலும் சில இடங்களில்தான் நடக்கின்றன. 1860 அட்டவணையில் அதே எசமானரின் கீழ் அதே வயதில் ஒரு பெண் இருந்தால், ‘இவர்தான்’ என்று எழுதிவிடுகிறார்கள். பெயரில்லாத பட்டியலில் பொருந்துவது ஒரு சாத்தியம் மட்டுமே; இன்னொரு ஆவணமும் சேரும்வரை ‘இருக்கலாம்’ என்றே எழுத வேண்டும். விடுதலைக்குப் பின் எல்லாரும் கடைசி எசமானரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டதாக நினைத்துத் தேடுவது அடுத்த பிழை. பலர் பழைய எசமானரின் பெயரையோ தந்தையின் பெயரையோ முற்றிலும் புதிய பெயரையோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் சாட்சியத்தை எடுத்து ‘அடிமைப் பெண்கள் எல்லாரும்’ என்று தொடங்குவது மூன்றாவது. எழுதத் தெரிந்த, ஊருக்குள் வசித்த, விடுதலை பெற்ற பாட்டி இருந்த ஜேக்கப்ஸின் வாழ்க்கை, பருத்தி வயலில் இருந்தவரின் வாழ்க்கை அல்ல. எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, சாட்சியத்திடம் கேட்கும் கேள்விகளை அரசுக் காகிதத்திடம் கேட்காமல் விடுவது. மேலே சொன்ன ஐந்து விவரங்களை நார்காமின் விளம்பரத்துக்கும் எழுதிப் பாருங்கள்.

தொடங்குவதற்கு மூல ஆவணங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத்தாளர் திட்டத்தின் நேர்காணல்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் மாநில வாரியாக இருக்கின்றன. தென் கரோலினாத் தொகுப்பில் ஹாம்லின் என்றும் ஹாமில்டன் என்றும் இரண்டு பெயர்களிலும் தேடுங்கள். நேர்காணலுக்கு நேர்காணல் எழுத்து மாறியிருக்கிறது. பட்லர் எழுதியதை முதலில் படித்து முடித்து, அதில் நம்பியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு லாட்சன் எழுதியதைப் படியுங்கள். ஜேக்கப்ஸின் புத்தகம் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் தென் மாநில ஆவணத் தளத்தில் முழுமையாக இருக்கிறது. ஆரம்பத்தில் சைல்ட் எழுதிய அறிமுகத்தையும், கடைசியில் ஆமி போஸ்ட் முதலானோர் கொடுத்திருக்கும் சான்றுரைகளையும் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு கறுப்பினப் பெண் தன் வாழ்க்கையைத் தானே எழுதினாள் என்பதற்கு மற்றவர்கள் உறுதி கொடுக்க வேண்டியிருந்த பக்கங்கள் அவை.